வேலை நிற்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு

பொருளாதாரம் படுத்துவிட்டால் அரசு நிவாரணம் கைகொடுக்குமா? கொடுக்கும், ஆனால் பட்டியலில் முன்பே பெயர் இருப்பவருக்குத்தான். கர்நாடக அரசு கட்டடத் தொழிலாளர்களுக்கு 2020 ஊரடங்கில் 5,000 ரூபாயும் 2021-இல் 3,000 ரூபாயும் அறிவித்தது. இரண்டுமே கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு. அதே சாரத்தில் நின்று வேலை பார்த்தாலும் வாரிய அட்டை இல்லாதவர் பெயர் அந்தக் கணக்கில் வராது.

முதலில் அரிசி. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டப்படி தமிழ்நாட்டு அட்டைக்கே பெங்களூரில் பொருள் வாங்கலாம், இங்கே புது அட்டை தேவையில்லை. ஆனால் அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அவர்களிலும் மிக ஏழைக் குடும்பம்) என்று அச்சாகியிருக்க வேண்டும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் ஊரில் கிடைக்கும் இலவச அரிசி தமிழக அரசு தன் செலவில் கொடுப்பது. மாநில எல்லையான அத்திப்பள்ளி தாண்டினால் அது செல்லாது. இது தெரியாமல் கடைக்காரரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை.

‘நியாய பெலெ அங்கடி’ என்று கேட்டால் ரேஷன் கடையைக் காட்டுவார்கள். அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி விரல் வைக்க வேண்டும். தலைக்கு மாதம் 5 கிலோ, ஏ.ஏ.ஒய். என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ, இலவசம். சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் இங்கே வராது. ஊரில் அப்பா அம்மா தங்கள் பங்கை வாங்கிக்கொள்ள, மீதியை நீங்கள் இங்கே வாங்கலாம். மறுத்தால் 14445-க்குப் புகார் செய்யுங்கள்.

மக்கர் செய்வது பெரும்பாலும் விரல் ரேகை. சிமெண்டில் புழங்கிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அப்படியும் எடுக்காவிட்டால் அட்டையில் பெயருள்ள வேறொருவர் வைக்கலாம். நிரந்தரத் தீர்வு, ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதுதான்.

அடுத்தது பணம். அரசு ஆதார் வழியாக அனுப்பும் தொகை, கடைசியாக எந்தக் கணக்கை ஆதாருடன் இணைத்தீர்களோ அங்கேதான் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாலே இணைந்துவிட்டது என்று நினைப்பது தவறு. இணைப்புக்குத் தனியே ஒப்புதல் படிவம் உண்டு. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். ஊரில் எப்போதோ திறந்த கணக்கின் பெயர் வந்தால் இப்போதே மாற்றுங்கள். இரண்டு வருடம் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கும். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கு என்றால் வந்த பணத்தில் அபராதம் பிடிக்கலாம். ஜன்தன் போன்ற ஜீரோ பேலன்ஸ் கணக்கே இதற்குத் தோது.

கட்டட வேலைக்காரர்களுக்கு வாரியப் பதிவு அவசியம். வயது 18 முதல் 60-க்குள் இருக்க வேண்டும், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரி மாறினால் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும். ஒவ்வொரு சைட் முடியும்போதும் வாங்கிவிடுங்கள். அட்டையின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலையில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ திட்டம் இருக்கிறது. வேலை போனால் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. தினக்கூலி 500 என்றால் 250 வீதம் 22,500 ரூபாய். வாழ்நாளில் ஒரே முறை. இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாட்களும் பொருந்த வேண்டும். தவணை தவணையாக நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது அமலில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. ஆட்குறைப்பு செய்யும்போது, ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதித்தரச் சொல்வார்கள். எழுதிக்கொடுத்தால் அது தானாக விலகியதாகிவிடும், இந்தப் பணம் கிடைக்காது. நிறுத்திவிட்டதாக அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள்.

தள்ளுவண்டிக்காரர்களுக்கான மத்திய அரசின் ‘ஸ்வநிதி’ திட்டத்தைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அது நிவாரணமல்ல, கடன். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. வியாபாரம் மறுபடி ஓடும் என்ற கணக்கு இருந்தால் வாங்குங்கள்; வீட்டு வாடகை கொடுக்க வாங்காதீர்கள்.