நூறைத் தொட்டதும் உதறும் மியாட்டா: செய்யக் கூடாத தவறுகள்

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்தா இறக்கிய இரண்டு சீட் திறந்த கார், முதல் தலைமுறை மியாட்டா, ஏறக்குறைய ஒரு டன் எடைதான். ஐரோப்பாவில் அதற்கு எம்எக்ஸ்-5 என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இவ்வளவு இலேசான வண்டி என்பதால், பெரிய செடான் விழுங்கிவிடும் சின்ன நடுக்கம்கூட இதில் நேராகக் கைக்கு வந்துவிடும். மணிக்கு 100, 110 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் வெடவெடப்பது இந்த வண்டி வைத்திருப்பவர்களின் பழைய புலம்பல்.

வண்டி உதறியதும் பலர் செய்வது, உடனே பாகங்களை வாங்குவது. டயர், பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு), புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்த பிறகும் உதறல் அப்படியே இருக்கும். எது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். இந்த வண்டியின் 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றில் 1.8 மீட்டர் போகும். அப்படியானால் 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 15 முறை சுற்றும். டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4.3 ஆக உள்ள 1.6 லிட்டர் வண்டியில், கியர்பாக்ஸிலிருந்து அதற்குப் போகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 66 முறை சுற்றும். ஐந்தாவது கியரில் இன்ஜின் சுமார் 54. பதினைந்து என்பது கை உணரும் ஆட்டம். அறுபத்தாறு வந்தால் தரையும் சீட்டும் ரீங்காரமிடும். இந்த வித்தியாசத்தைக் காதும் உடம்பும் பிடித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து, ஆளில்லாத நேரான சாலையில், உதறும் வேகத்தில் கிளட்சை மிதித்து வண்டியைத் தன்போக்கில் உருள விடுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் நடுக்கம் மாறவில்லையா? இன்ஜினுக்கு அதில் பங்கில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டான கிராஸையும் பின் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளையும் பாருங்கள். பிரேக் போடும்போது மட்டும் உதறினால் அது டிஸ்க் சமாச்சாரம், தனிக் கதை. நேற்று இல்லாமல் இன்று வந்து, ஓட ஓடக் கூடினால், எந்தச் சோதனையும் வேண்டாம். ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள்.

அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. வண்டி ஒரு பக்கம் இழுப்பதையும் டயர் ஒருக்களித்துத் தேய்வதையும்தான் அது சரிசெய்யும். சுழலும் ஒன்றின் எடைக் கோளாறு டோ கோணத்தை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மாற்றினால் போகாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தை மெஷினில் சுழற்றி, சிறு எடைகள் வைத்துச் சமன்படுத்துவது. மூன்று முறை செய்தார்கள், மூன்று முறையும் மெஷின் பூஜ்யம் காட்டியது, சாலையில் அதே நடுக்கம். கடைசியில் நானே வீலைக் கழற்றிப் பார்த்தேன். வீலைப் பொருத்தும் ஹப்பின் முகத்தில் விரல் நகத்தளவு துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதைவிட முக்கியம், அது வெளியில் வாங்கிய அலாய் வீல். மியாட்டா ஹப்பின் நடுக்குமிழ் 54.1 மில்லிமீட்டர், அந்த வீலின் துளையோ அதைவிடப் பெரியது. மெஷினில் கச்சிதமாக மையத்தில் உட்காரும் வீல், வண்டியில் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டு, வீல் தரையைத் தொடும் முன்பே நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மாற்றி மாற்றி இறுக்கினேன். அப்புறம்தான் தரையில் இறக்கி முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பிடித்தேன். உதறல் நின்றது. நட்டை ஏர் கன்னால் ஒரே மூச்சில் முறுக்குவதை இன்றும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

டயரில் பூ (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) இருக்கிறது, அதனால் டயர் நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 1214 என்றால் 2014ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். சில சமயம் டயருக்குள் உள்ள வலுவூட்டும் பெல்ட்டே நகர்ந்திருக்கும். எடை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. டயரின் மேல் உருளையை அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் மெஷின் உள்ள கடையைத் தேடுங்கள். காசில்லாத சோதனையும் உண்டு: நான்கும் ஒரே அளவு என்பதால் முன் வீல்களை அதே பக்கத்தில் பின்னுக்கு மாற்றுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

முப்பது வருட ரப்பர் புஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடுக்கத்தை உண்டாக்குவது அபூர்வம். வேறெங்கோ பிறந்ததைத் தடுக்காமல் உங்கள் கைக்குக் கடத்தும். புஷ் மாற்றியதும் உதறல் குறைந்தால் மூலத்தைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

கிளட்ச் வேலை முடிந்த வாரமே ரீங்காரம் தொடங்கினால் சக்கரங்களை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். மியாட்டாவில் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது அந்தச் சட்டத்தின் உயரத்தைச் சரிபார்க்காமல் போல்ட்டை இறுக்கினால் ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிடும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சில் (போல்ட் பூட்டும் இணைப்புத் தட்டில்) குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது பழைய இடத்திலேயே உட்காரும். கோடு போட மறந்தவர்கள், நான்கு போல்ட்டையும் கழற்றி அரைச் சுற்று திருப்பிப் பூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.