கிட்டாரைத் திருப்பி அனுப்பும் முன்

"கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள், என்ன செய்வது?" புதிதாகக் கிட்டார் வாங்கியவர்கள் பலர் இந்தப் புலம்பலோடுதான் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறார்கள். நாங்கள் கற்ற காலத்தில் செய்த கோளாறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள் என்றெல்லாம் இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை; பொருளைத் திருப்புவதில் நடக்கும் அந்தக் கோளாறுகளை மட்டும் சொல்கிறேன்.

டிரஸ் ராடைத் திருகுவது

கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பி இது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய ரகத் தந்திகள் ஆறும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. அதற்கு ஈடுகொடுப்பது இந்தக் கம்பிதான். பார்சலில் வந்த கிட்டார் சென்னையின் ஈரக் காற்றில் சில நாள் இருந்தால் மரம் அசையும், ஏதோவொரு தந்தி 'ஜிர்ர்' என்று உரசும். இது பழுதே அல்ல. கழுத்தையும் தந்தி உயரத்தையும் சரிசெய்யும் 'செட்டப்' செய்தால் சரியாகிவிடும்.

நம் ஆள் பொறுப்பாரா? இரவோடு இரவாக வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு டிரஸ் ராடைத் திருகும் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) எடுக்கிறார். கால் சுற்று திருகிவிட்டுக் காத்திருக்க வேண்டிய இடத்தில் முழுதாக இரண்டு சுற்று! சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கிட்டாரில் டிரஸ் ராட் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி, சாவி வழுக்கிக்கொண்டு சுற்றியது. "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று கடைக்கு எழுதியிருக்கிறார். புகைப்படத்தைப் பார்த்ததுமே கடை மறுத்துவிட்டது. மறுக்காமல் என்ன செய்யும்? கம்பியே அறுந்திருந்தால் விரல்பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு ஆரம்பநிலைக் கிட்டார் இன்னொன்றே வாங்கிவிடலாம்.

பார்க்காமலே திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைகளால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடும். அந்தக் கிட்டாரைத் துடைத்து, டேப் ஒட்டி, வேறொருவர் தலையில் கட்டுவார்கள். அவரோ தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக் கற்பதையே விட்டுவிடுவார்.

சுருதி சேர்த்தபின் ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்), கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஏறக்குறைய 0.25 மி.மீ. இடைவெளி தெரிந்தால் கவலை இல்லை. தெரியாவிட்டாலும், அளவுக்கு மீறி இருந்தாலும் வீடியோ எடுத்து அன்றே கடைக்கு அனுப்புங்கள். சாவியைத் தொடாதீர்கள்.

கச்சேரிக்கு வாங்கி மறுநாள் திருப்புவது

வாடகைக்குக் கிடைக்கிறதே.

மென்பொருள் உரிமத்தைப் பதிந்துவிட்டுத் திருப்புவது

கிட்டாரைக் கணினியோடு இணைத்து ஒலிப்பதிவு செய்ய உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் அதன் வரிசை எண்ணோடு கட்டப்பட்டது. நீங்கள் பதிந்துகொண்டால் அடுத்து வாங்குபவருக்கு வெறும் பெட்டிதான்.

பிடிக்காததைப் பழுது என்பது

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை அங்கே செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். நிறம் பிடிக்கவில்லை, கனமாக இருக்கிறது என்பதெல்லாம் கடையின் சொந்த விதியைப் பொறுத்தவை. வாங்கும் முன்பே கேட்டு, பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.