ஆரமைன் ஸ்லைடில் கிருமி ஒளிராமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க உதவும் மஞ்சள் பொடி ஆரமைன் ஓ. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் இது. எல்.இ.டி. நுண்ணோக்கி உள்ள ஆய்வகங்களில் இன்று அன்றாடம் புழங்குகிறது. கிருமிக்குச் சிவப்புச் சாயமேற்றிச் சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும் பழைய ஜீல்-நீல்சன் முறைக்கு மாற்றாக இந்த நுண்ணோக்கியை உலக சுகாதார நிறுவனம் 2011-ல் பரிந்துரைத்தது. கறுத்த பின்னணியில் மஞ்சள் கீற்றுகளாகக் கிருமி தெரியும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரிவதால் ஒரு ஸ்லைடைப் பார்த்து முடிக்க ஆகும் நேரமும் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த ஒளி எளிதில் கெட்டுப்போகும். ஸ்டெயின் செய்யும்போது, அதாவது சாயமேற்றும்போது, நேரும் சின்னப் பிழையால் ஒரு நோயாளி ‘நெகட்டிவ்’ என்ற தாளோடு வீட்டுக்குப் போய்விடுவார், அங்கே குழந்தைகளுக்கு நடுவில் இருமிக்கொண்டு படுப்பார். இதை எழுதுவது அதனால்தான்.

முதலில், பாட்டிலின் நிறத்தை நம்பாதீர்கள். வெறும் நீரில் கரைந்திருக்கும் ஆரமைன் கிட்டத்தட்ட ஒளிர்வதே இல்லை. அதன் மூலக்கூறு முறுக்கிக்கொண்டு அசைந்துகொண்டே இருப்பதால், வாங்கிய ஒளி அந்த அசைவிலேயே செலவாகிவிடும். கிருமியின் மெழுகு போன்ற சுவரில் சிக்கி அசைவு அடங்கிய பிறகுதான், நீல ஒளி பட்டதும் மஞ்சள்-பச்சையாக ஒளிரும். ஆகவே கரைசல் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது எதையும் நிரூபிக்காது. புதிதாகக் கலக்கும் ஒவ்வொரு முறையும் தெரிந்த பாசிட்டிவ் ஸ்லைடு ஒன்று, நெகட்டிவ் ஸ்லைடு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் ஸ்லைடைத் தொட வேண்டும். பாட்டில் பழுப்பு நிறக் கண்ணாடியாக இருக்கட்டும், கலந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில். ஜீல்-நீல்சனில் பின்னணிக்குப் போடும் மெத்திலீன் நீலத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே இதையும் விட்டுவிடுகிறார்கள். பெர்மாங்கனேட்டின் வேலை பின்னணியின் ஒளிர்வை அணைப்பது. கூடுதல் நேரம் நின்றால் கிருமியின் ஒளியையும் சேர்த்து அணைத்துவிடும். 0.5 சதவீதக் கரைசல், 1 நிமிடம், அவ்வளவுதான். ஒரு நாள் நான் ஊற்றிவிட்டு, கூப்பிட்டார்கள் என்று பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பினேன். அன்றைய ஸ்லைடுகள் எல்லாமே நெகட்டிவ். கூடவே வைத்த பாசிட்டிவ் கண்ட்ரோலும் இருண்டு கிடந்ததால்தான் தவறு தெரிந்தது. அது இல்லாதிருந்தால் அத்தனை ரிப்போர்ட்டும் அப்படியே போயிருக்கும். ரேக்கில் நிறைய ஸ்லைடு இருந்தால் கடைசி ஸ்லைடுக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் ஸ்லைடின் நேரம் தாண்டிவிடும். கைக்கு அடங்கும் அளவு மட்டும் வையுங்கள், ஊற்றிய வரிசையிலேயே கழுவுங்கள்.

கழுவும் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஒளிர்வைக் குறைக்கக்கூடும். போதாததற்கு, காசநோய்க் கிருமிக்கு உறவான, நீரில் வாழும் வேறு மைக்கோபாக்டீரியா ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு பொய்யான பாசிட்டிவும் தரும். காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது.

அப்புறம் வெளிச்சம். ஸ்டெயின் ஆன ஸ்லைடை ஜன்னலோரம் காயவைப்பது, ஒரே இடத்தை நுண்ணோக்கியில் வெகுநேரம் ஒளியில் விட்டுவைப்பது, இரண்டிலும் சாயம் மங்கும். இருட்டில் காயவைத்து, மூடிய பெட்டியில் வைத்து, அன்றே பார்த்துவிடுங்கள். எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். மறுபரிசோதனைக்குப் போகும் பழைய ஸ்லைடு மங்கியிருந்தால் மறுபடி ஸ்டெயின் செய்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்மியர், அதாவது ஸ்லைடில் தடவிய சளி, தடிமனாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். உலர்ந்த ஸ்லைடைச் செய்தித்தாளுக்கு சில சென்டிமீட்டர் மேலே பிடித்தால் எழுத்து படிக்க வர வேண்டும். ஆரமைனைச் சூடாக்கவும் தேவையில்லை. 20 நிமிடம் ஸ்லைடில் காயாமல் நின்றால் போதும். எண்ணும்போதும் ஜீல்-நீல்சன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உருப்பெருக்கம் குறைவு என்பதால் ஒரு பார்வைப் புலத்தில் அடங்கும் பரப்பு பெரியது, அதற்கான அட்டவணை தனி.

உங்கள் உடம்பையும் பாருங்கள். கரைசலில் உள்ள பீனால் தோலை மரத்துப்போகச் செய்யும். அதனால் சுட்டது உடனே தெரியாது. ஆரமைன் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள், பொடியை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பெர்மாங்கனேட் கழிவையும், கூடுதல் சாயத்தை நீக்கும் ஆசிட் ஆல்கஹாலின் கழிவையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. ஸ்மியரில் கிருமி கண்ணுக்குப் பட, 1 மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். ‘கிருமி காணப்படவில்லை’ என்பது ‘காசநோய் இல்லை’ என்று ஆகாது. இருமலும் எடைக் குறைவும் தொடர்ந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை எடுக்கச் சொல்ல வேண்டும். சிகிச்சையில் இருப்பவரின் சளியிலோ இதற்கு நேர்மாறான சிக்கல். செத்த கிருமியும் ஆரமைனில் ஒளிரும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவரைப் பயமுறுத்துவதற்கு முன்னால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரட்டும்.