குதிகால் வலியும் கரண்டைச் சுளுக்கும்: கத்தி வைக்காமல் தேற்றும் வழி

குதிகால் வலிக்கு எதைச் செய்வதற்கு முன்பும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வலிக்கிற இடத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். உள்ளங்காலில், குதிகால் சதை முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில், உட்பக்கமாக ஒரே புள்ளியில் சுருக்கென்று வலிக்கிறதா? காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள்தான் மிக மோசமா? அப்படியானால் பெரும்பாலும் அது பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் சவ்வுப் பட்டை நைந்துபோனதால் வருவது. மருத்துவர் சீட்டில் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்று எழுதுவார், ஊரில் குதிவாதம். குதிகாலின் பின்புறம், செருப்பு வார் உரசும் இடத்திலோ அதற்கு இரண்டு மூன்று விரற்கடை மேலேயோ வலித்தால் குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நாண். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து நெரிக்கும்போது கடுமையாக வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அதற்கு உடற்பயிற்சி கூடாது, மருத்துவரிடம் போகவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே வைத்தியம் கிடையாது. இடம் தெரியாமல் தைலம் தேய்ப்பதில்தான் முதல் இரண்டு மாதம் வீணாகிறது.

குதிவாதம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்று துணி எடுத்துப்போடுபவர்கள், கல்லின் முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர்கள், ஆசிரியர்கள், வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நாள்முழுதும் நடக்கும் பெண்கள் என்று நிற்பதே வேலையாக உள்ளவர்களை இது சுலபமாகப் பிடிக்கும். உடல் எடை கூடியிருந்தாலும் கெண்டைக்கால் இறுகியிருந்தாலும் இன்னும் சீக்கிரம் வரும். கெண்டைக்கால் இறுகினால் கரண்டை, அதாவது கணுக்கால் மூட்டு, மேல்நோக்கிப் போதுமான அளவு மடங்காது. அந்தக் குறையை ஒவ்வோர் அடியிலும் பாதத்துப் பட்டை இழுபட்டு ஈடுகட்டுகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கும். காலையில் முழு எடையோடு மிதித்ததும் அது திடீரென்று இழுபடும். ஆகவே வைத்தியத்தை அந்த முதல் அடிக்கு முன்னாலேயே தொடங்கவேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்றக் காலின் தொடைமேல் போடுங்கள். அதே பக்கக் கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கி மேலே இழுங்கள். சரியாக இழுத்திருந்தால் உள்ளங்காலில் ஒரு பட்டை விறைத்து நிற்பது மறுகைக் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் இன்னும் இழுக்கவேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. காலைத் தரையில் வைக்குமுன் ஒரு தடவை, பகலில் வெகுநேரம் உட்கார்ந்து எழுமுன் இன்னும் இரண்டு தடவை. பலர் இதைப் பல் துலக்கி, காபி குடித்தபிறகு செய்கிறார்கள். அதற்குள் முதல் அடிகள் விழுந்து பட்டை மறுபடி காயப்பட்டிருக்கும்.

கெண்டைக்காலுக்குச் சுவரில் கையூன்றி நில்லுங்கள். வலிக்கிற கால் பின்னால், முழங்கால் நேராக, குதிகால் தரையை விட்டு எழாமல், பாதம் நேர்முகமாக. 30 விநாடி, மூன்று முறை. பிறகு அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு மூன்று முறை. கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசைக்கு இந்த மடக்கு வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் பாதத்து வளைவுதான் அமுங்கும், தசை நீளாது.

இழுப்புப் பயிற்சி வலியைத் தணிக்கும். பட்டைக்குப் பழைய பலம் திரும்ப வேண்டுமென்றால் பாரம் ஏற்றவேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பயந்து நின்றுவிடுகிறார்கள். வீட்டுப் படியின் விளிம்பில் துண்டை இறுக்கச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன்மேல் ஏறி மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி ஒற்றைக்காலில் நில்லுங்கள். கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணிக்கையில் குதிகாலைத் தூக்கி, மேலே இரண்டு எண்ணிக்கை நின்று, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். 12 தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒற்றைக்காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் நின்று தொடங்கலாம். இரண்டு வாரம் கழித்துத் தோளில் ஒரு பையை மாட்டி அதில் அரிசியோ புத்தகமோ போட்டு, பத்துத் தடவைக்குமேல் தூக்கமுடியாத அளவுக்கு எடையைக் கூட்டி நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து எட்டுத் தடவைக்குமேல் முடியாத எடையில் ஐந்து சுற்று. மூன்று மாதமாவது விடக்கூடாது.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை முதல் அடிதான் உங்கள் அளவுகோல்: நேற்றைவிட வலி கூடியிருந்தால் எடையையும் சுற்றையும் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

நம் வீடுகளில் செருப்போடு புழங்குவது வழக்கமில்லை. ஆனாலும் இந்த மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று மெத்தென்ற ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பூசை அறைக்கு வெளியே கழற்றிவிடலாம். தேய்ந்த ஹவாய் செருப்பு வெறுங்காலுக்குச் சமம். எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு பரவாயில்லை. எதை வாங்கினாலும் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும், நடுவில் மடங்கினால் அது வேண்டாம். சிலிக்கான் குதிகால் மெத்தை வாங்கினால் இரண்டு காலுக்கும் போடுங்கள். ஒரு காலுக்கு மட்டும் போட்டால் அந்தக் கால் உயர்ந்து இடுப்பில் வலி தொடங்கலாம்.

கோவிலுக்குள் வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். மீனாட்சியம்மன் கோவில் பிராகாரத்துக் கருங்கல் தளத்தில் ஒரு சுற்று வருவதே குதிவாதக்காரர்களுக்குப் பெரும்பாடு. அப்படிப் போகும் நாளில் பாதத்துக்கு டேப் ஒட்டிக்கொள்வது நல்ல உபாயம். மருந்துக்கடையில் நீளாத வெள்ளை ஸ்போர்ட்ஸ் டேப், சுமார் 4 செ.மீ. அகலத்தில் கேளுங்கள். பாதத்தைக் கழுவித் துடைத்து, சுண்டுவிரலின் அடியிலிருந்து தொடங்கிக் குதிகாலைச் சுற்றிப் பெருவிரலின் அடிவரை ஒரு பட்டை. அதன்மேல் உள்ளங்காலின் குறுக்கே, வெளிப்பக்கமிருந்து உட்பக்கமாக வளைவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பாதிக்குப்பாதி மேல்விழும்படி நான்கைந்து பட்டைகள். கடைசியில் முதல் பட்டையின்மேலேயே இன்னொன்று. ஒரு நாள் வைத்திருக்கலாம். அரித்தாலோ விரல் மரத்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். உச்சிவெயிலில் கல் சுடும். காலை நடை திறந்ததும் போவதே கால்களுக்கு நல்லது.

மாலையில் வலி மிகுந்தால் அரைலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி உறைய வைத்து (முழுக்க நிரப்பினால் வெடித்துவிடும்) ஒரு துணியைச் சுற்றிப் பாதத்துக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டலாம்.

செங்கல்லைச் சுடவைத்து எருக்க இலையைப் பரப்பி ஒத்தடம் கொடுப்பதை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சூடு தசையைத் தளர்த்துவதால் சற்று இதமாக இருக்கும். நைந்த பட்டையை அது சரிசெய்யாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைத் தொடவே கூடாது. சூடு தெரியாமல் கொப்புளம் கிளம்பி, புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போய்விடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

எக்ஸ்ரே பார்த்துக் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னால் பதறாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. முள் அப்படியே இருக்க வலி போனவர்களும் ஏராளம். குதிவாதம் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குமேல் அறுவை இல்லாமலே தேறுகிறார்கள். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் ஆகும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று வைத்தியத்தை மாற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையா? இரவில் பாதம் செங்குத்தாக நிற்கும்படி பிடித்துக்கொள்ளும் ஸ்பிளின்ட் உண்டு. தூக்கம் கெடும், ஆனால் காலை வலி உள்ளவர்களுக்கு உதவும். அதற்கும் அடங்காமல் ஆறு மாதம் கடந்தவர்களுக்கு, வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை, வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து முறை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாக இருக்கும், அதனாலேயே மறுபடி மறுபடி கேட்கத் தூண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம். குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைந்தால் அதைத் திரும்ப வளர்க்க வழியில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும். அல்ட்ராசவுண்ட் தலையை வைத்துத் தேய்க்கும் சிகிச்சைக்கு மட்டும் தினமும் அலைவதில் பயன் குறைவு. பிசியோதெரபிஸ்டிடம் போனால் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வலி மாத்திரையை ஐந்தாறு நாளுக்குமேல் மருத்துவரைக் கேட்காமல் தொடரவேண்டாம், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் ஒரு நாள்கூட வேண்டாம். கடையில் பெயர் சொல்லாமல் பொட்டலம் கட்டித் தருவதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

குதிநாண்

ஓட்டக்காரர்களுக்கும் கபடி ஆடுபவர்களுக்கும் வருவது. நாணின் நடுப்பகுதியில் வலி என்றால் படிவிளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலின் பலத்தில் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகப் படிக்குக் கீழேவரை இறங்குங்கள். முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று; காலை மாலை இருவேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அங்கே நாண் எலும்போடு நசுங்கி வலி கூடும். இந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி கூடவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதும், அதன்பின் சில மாதங்கள்வரையும் நாண் அறுபடும் அபாயம் உண்டு. அந்த நாட்களில் ஓட்டத்தை நிறுத்திவையுங்கள்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் பட்டென்று சத்தம் கேட்டு, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால் நாண் அறுந்திருக்கும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசையுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சீக்கிரம் போனால் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டே ஒட்டவைக்கவும் வாய்ப்பு உண்டு.

எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் விளையாடிவிட்டுக் குதிகால் வலி என்றால், பெரும்பாலும் எலும்பு வளரும் தட்டில் வரும் வலி. இரண்டு பக்கமும் நெரித்தால் இவர்களுக்கும் வலிக்கும் என்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து, ஷூவில் மெத்தை வைத்தால் போதும். ஊசியெல்லாம் வேண்டாம்.

கரண்டைச் சுளுக்கு

கபடியில் கார்னர் ஆட்டக்காரர் காலைப் பிடித்து முறுக்கும்போதும், மேடுபள்ளமான மைதானத்தில் கால் உள்பக்கம் புரளும்போதும் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது. முதலில் முறிவு இல்லை என்று தெரியவேண்டும். கரண்டையின் இருபுறமும் புடைத்த எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கத்துப் பாத நடு எலும்பிலோ, உட்பக்கம் பாத வளைவின் உச்சி எலும்பிலோ அழுத்தினால் வலித்தால், அல்லது நான்கு அடிகூட வைக்கமுடியாவிட்டால் எக்ஸ்ரே கட்டாயம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போகலாம்.

முறிவில்லை என்றால் முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், சுளுக்கு வழிப்பவரிடம் இழுக்கக் கொடுக்காதீர்கள். கிழிந்த நாரிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நீவினால் வீக்கம் கூடும். நான்கு அங்குலக் கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, எட்டு வடிவில் கரண்டையைச் சுற்றி, ஒரு சாண் மேலேவரை பாதிக்குப்பாதி மேல்விழும்படி கட்டுங்கள். கரண்டைக்கு மேலிருந்து தொடங்கினால் பாதம் வீங்கும். விரல் நீலம் பாரித்தால் கட்டைத் தளர்த்துங்கள். படுக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை.

வலி பொறுக்கும் அளவுக்கு இரண்டாம் நாளிலிருந்தே மிதித்து நடக்கலாம். வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தால் கரண்டை இறுகிவிடும். உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள், நாளுக்கு மூன்று தடவை. ஒரு வாரத்தில் ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கப் பழகி, அது சுலபமானதும் கண்ணை மூடி நில்லுங்கள். சுளுக்கில் நாரோடு சேர்ந்து, கால் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் கெடுகிறது. இந்தப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் புரளும். ஒற்றைக்காலில் பத்துத் தடவை வலியின்றிக் குதித்து, எட்டு வடிவில் ஓடித் திரும்ப முடிந்தபிறகே களத்தில் இறங்கவேண்டும். அந்த ஆட்டப் பருவம் முழுக்க லேஸ் கட்டும் கரண்டை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டியவை இவை: காய்ச்சலோடு சிவந்து வீங்கிய பாதம், ஓய்விலும் இரவிலும் விடாத வலி, மரத்துப்போதல், இரண்டு குதிகாலும் வலிப்பதோடு காலையில் அரைமணிக்குமேல் முதுகு இறுக்கமும் உள்ள இளவயதினர் (இது முதுகெலும்பு வாதத்தின் அடையாளமாக இருக்கலாம்), சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எந்தச் சிறு புண்ணும்.

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். குதிவாதம் ஒருமுறை வந்தவர்கள் ஐப்பசியிலேயே பயிற்சியைத் தொடங்கி, நெடுநடையை வாரத்துக்கு ஒன்றாக மட்டும் வைத்து, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். வேண்டுதலால் செருப்பில்லாமல் நடப்பவர்கள் அதையும் மண்தரையில் குறைந்த தூரத்தில் பழகுங்கள். யாத்திரையின் நடுவில் காலையில் நொண்டாமல் பத்து அடி வைக்கமுடியவில்லை என்றால் அன்றைய தூரத்தைப் பேருந்தில் கடந்து, மறுநாள் காலை அந்தப் பத்து அடியை வைத்துப் பார்த்தபிறகே நடையைத் தொடருங்கள்.