ஒரே பட்டனில் மொத்த மேடையையும் அடக்க

ஆடி மாதம் வியாசர்பாடி, காசிமேடு பக்கம் கோயில் மேடையில் கானா கச்சேரி என்றால் பத்துப் பன்னிரண்டு மைக் ஆகிவிடும். பாட்டு முடிந்து கூழ் ஊற்றும் அறிவிப்பு வரும்போது அத்தனையும் திறந்தே கிடந்தால், டோலக் மைக்கில் தெருப் பட்டாசு கேட்கும். மிக்சரில் ஒவ்வொன்றாக மியூட் அழுத்த நேரம் ஏது?

டோலக், கீபோர்டு, ரிதம் பேட், பாட்டு மைக் எல்லாவற்றையும் ஒரு மியூட் குரூப்பில், அதாவது பலவற்றை ஒரே பட்டனில் மியூட் செய்யும் தொகுப்பில், போடுங்கள். ஒரே அழுத்தில் அடங்கிவிடும். அறிவிப்பாளர் மைக்கை மட்டும் சேர்க்காதீர்கள். நான் ஒருமுறை அதையும் சேர்த்துவிட்டு, விழாக்குழு அண்ணனிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

சப்குரூப் இதற்குச் சரிவராது. அதில் சேனல்களின் (ஒவ்வொரு மைக்குக்கும் மிக்சரில் உள்ள தனி வரிசை) ஒலி கலந்து ஒரே ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுபட்டை) வழியாக மெயினுக்கு (கூட்டத்துக்கான ஸ்பீக்கருக்கு) போகிறது. அந்த ஃபேடரை இறக்கினாலும், சேனலிலிருந்து ரிவர்ப்புக்கு (எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்) போகும் ஒலி நிற்காது. ரிவர்ப் நேராக மெயினுக்குப் போனால், குரல் இல்லாமல் எதிரொலி மட்டும் ஆவி மாதிரி மிதக்கும்.

பல சேனல்களை ஒரே ஃபேடரில் ஆள இன்னொரு வழி டிசிஏ. அதில் ஒலி எதுவும் கலப்பதில்லை. அது சேனல் ஃபேடர்களுக்கு ஒரு ரிமோட். அதை இறக்கினால் போஸ்ட்-ஃபேடரில் (சேனல் ஃபேடருக்குப் பின்) எடுத்த ரிவர்ப்பும் கூடவே இறங்கும். ப்ரீ-ஃபேடரில் (ஃபேடருக்கு முன்) எடுத்த மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) மட்டும் இறங்காது, அங்கே ஊளை வரலாம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சரில் 8 டிசிஏ, 6 மியூட் குரூப் உண்டு, தெருக்கச்சேரிக்குத் தாராளம். அப்புறம், எது எந்த குரூப் என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள், இருட்டில் கை தடுமாறும்.