'மெட்டா' என்றால் 'அப்பால்' தானா? ஒரு கிரேக்கச் சொல்லில் வழுக்கும் இடங்கள்

2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டபோது, அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'அப்பால்' என்று பொருள் என மார்க் சக்கர்பெர்க் விளக்கம் தந்தார். அதன்பின் அந்தப் பொருளே பலர் மனதில் ஒட்டிக்கொண்டது. சாக்ரடீஸ் காலத்து ஏதென்ஸ்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். 'அப்பால்' என்று சொல்ல அவர்களிடம் ஹூபெர், பெரா, எபெகெய்னா என வேறு சொற்கள் இருந்தன. மெட்டா அவர்கள் வாயில் தினமும் புரண்ட ஒரு சின்ன முன்னிடைச்சொல், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல். அதன் முக்கிய வேலைகள் இரண்டு: 'உடன்', 'பிறகு'.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பி, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எல்லா இடத்திலும் பொருத்துவதுதான் பெரிய தவறு. மெட்டாவைத் தனியாக வைத்துப் பொருள் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் எந்த வேற்றுமையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழருக்கு இது புதிதல்ல. 'மேசையின் மேல்' என்றால் ஓர் இடம். 'பத்து மணிக்கு மேல்' என்றால் நேரம் கடந்த பிறகு. சொல் ஒன்றுதான், உருபு மாறியதும் பொருள் மாறிவிட்டது. மெட்டாவும் அப்படித்தான்: ஆறாம் வேற்றுமைப் பெயரோடு வந்தால் 'உடன்', இரண்டாம் வேற்றுமையோடு வந்தால் 'பிறகு'.

மத்தேயு நற்செய்தியிலேயே இரண்டும் கிடைக்கின்றன. முதல் அதிகாரத்தில் இம்மானுவேல் என்ற பெயருக்குத் 'தேவன் நம்மோடு இருக்கிறார்' என்று அர்த்தம் சொல்லும் இடத்தில், அந்த 'நம்மோடு' கிரேக்கத்தில் மெத் ஹேமோன். பதினேழாம் அதிகாரத் தொடக்கத்தில் வரும் 'ஆறு நாளைக்குப் பின்பு' என்பது மெத் ஹேமெராஸ் ஹெக்ஸ். (அடுத்த சொல் 'ஹ' ஒலியில் தொடங்கினால் மெட்டா இப்படி மெத் என்று குறுகிவிடும்.) வேற்றுமையைப் பார்க்காமல் படித்தால் 'நமக்குப் பிறகு தேவன்' என்று ஆகிவிடும்.

சரி, 'உடன்' எப்படிப் 'பிறகு' ஆனது? இலியட் காவியம் பாடிய பழங்கிரேக்கக் கவி ஹோமரில் அந்தப் பாதை தெரிகிறது. அங்கே நான்காம் வேற்றுமையோடும் மெட்டா வரும். பொருள் 'நடுவே', 'மத்தியில்'. இரண்டாம் வேற்றுமையோடு வந்தால் ஒருவர் இருக்கும் இடத்தை நோக்கிப் போவது. இலியட்டின் பத்தாம் பகுதியில் அகமெம்னோன் இரவில் எழுந்து 'மெட்டா நெஸ்தோரா' போகிறான், அதாவது நெஸ்தோரைத் தேடிப் போகிறான். ஒருவரைத் தேடிப் போகிறவன் அவர் பின்னால் போகிறான். இடத்தில் பின்னால் என்பது காலத்தில் பின்னால் என்று மாறுவது சின்ன அடிதான். வேரைப் பொறுத்தவரை, ஜெர்மன் மொழியில் 'உடன்' என்று பொருள்படும் மிட் இதற்கு உறவு என்பார்கள்.

சொல்லின் முன்னொட்டாக வரும்போது மெட்டா மூன்றாவது வேலை ஒன்றைச் செய்கிறது: மாற்றம். மெட்டாமார்ஃபசிஸ் உருமாற்றம். மெட்டஃபர் ஒன்றை இங்கிருந்து அங்கே தூக்கிச் செல்வது. ஏதென்ஸ் தெருக்களில் வீடு மாற்றும் லாரிகளில் இன்றும் 'மெத்தஃபொரேஸ்' என்று எழுதியிருக்கும். அதனால் மெட்டனோயா என்ற சொல்லை 'மனதுக்கு அப்பால்' என்று விளக்கினால் நம்பாதீர்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதைப் பயன்படுத்தும் இடம் ஒன்று போதும். கி.மு. 427-ல் கலகம் செய்த மிட்டிலீன் நகரத்து ஆண்கள் எல்லோரையும் கொல்வது என்று ஏதென்ஸ் சபை முடிவெடுத்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாளே மக்களுக்கு மெட்டனோயா: 'ஐயோ, என்ன செய்தோம்' என்று மனம் மாறியது. மறுபடி கூடி, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் முடிவை மாற்றி, இரண்டாவது கப்பலை அவசரமாக அனுப்பினார்கள். அது நூலிழையில் போய்ச் சேர்ந்து நகரத்தைக் காப்பாற்றியது. தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லுக்கு வைத்த 'மனந்திரும்புதல்' மிகச் சரியான சொல் என்பேன்.

அப்படியானால் 'அப்பால்' எங்கிருந்து வந்தது? மெட்டாஃபிசிக்ஸ் என்ற ஒரு நூல் தலைப்பிலிருந்து. அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. அந்த நூல் பேசும் துறையை அவர் 'முதல் தத்துவம்' என்றார். அவர் இறந்து வெகுகாலம் கழித்து, அவருடைய எழுத்துகளைத் தொகுத்தவர்கள் சில சுவடிகளை இயற்கை பற்றிய நூல்களுக்கு அடுத்து வைத்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிகஸ் செய்த வேலை என்று மரபாகச் சொல்வார்கள். பெயர் 'தா மெட்டா தா ஃபிசிகா': இயற்கை நூல்களுக்குப் பின் வருபவை. வெறும் அடுக்கு வரிசை என்று சிலரும், படிக்க வேண்டிய வரிசை என்று சிலரும் வாதிடுவார்கள். எப்படியும் அது 'பின்'. உள்ளே பேசப்பட்டது புலனுக்கு எட்டாத விஷயங்கள் என்பதால் பின்னால் வந்தவர்கள் 'இயற்கைக்கு அப்பால்' என்று படித்துக்கொண்டார்கள்.

மெட்டாடேட்டா, மெட்டா ஜோக் என்றெல்லாம் இன்று சொல்கிறோமே, அந்தத் 'தன்னைப் பற்றியே பேசுவது' என்ற பொருளும் பழைய கிரேக்கத்தில் இல்லை. 'பற்றி' என்பதற்கு அவர்கள் பெரி என்பார்கள். மெட்டாஃபிசிக்ஸை அச்சாக வைத்து வார்த்த புதுச் சொற்கள் இவை. 1920-களில் கணிதத்தையே ஆராயும் கணிதத்துக்கு ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பெர்ட் மெட்டாமேத்தமாட்டிக்ஸ் என்ற பெயரைப் புழங்கவைத்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். புதுப் பொருள் என்பதால் தப்பு என்று அர்த்தமில்லை. பழைய நூலுக்குள் கொண்டுபோய் அதைத் திணிக்காமல் இருந்தால் சரி.

ஒலியை நம்பி உறவு கொண்டாடுவதையும் விட்டுவிடலாம். மெட்ரோ 'தாய்நகரம்' என்ற சொல்லின் சுருக்கம், அதில் இருப்பது மேத்தேர், அதாவது தாய். மீட்டர் என்பது அளவு என்று பொருள்படும் மெத்ரோனிலிருந்து வந்தது. எதிர்பாராத இடத்தில் மெட்டா ஒளிந்திருப்பதும் உண்டு: மெத்தட் என்பது மெத்தும் ஹொதோஸும், அதாவது வழியைப் பின்பற்றிப் போவது. இன்னொன்று, கிரேக்க உச்சரிப்பு மெட்டாவைவிட மெத்தாவுக்கு நெருக்கம். 'ட' நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. இதைக் கேட்டதும் 'மெத்தப் படித்தவர்' என்பதில் உள்ள மெத்தவோடு முடிச்சுப் போட யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், இது வெறும் ஒலி ஒற்றுமை.

இன்றைய கிரேக்கத்துக்குப் பழைய இலக்கணத்தோடு போவதும் ஆகாது. 'உடன்' என்ற வேலையை மெ என்ற குறுகிய வடிவம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'மகிழ்ச்சியோடு' என்று சொல்லும் மெத்தா ஹராஸ் போன்ற சில பழந்தொடர்களில்தான் பழைய பொருள் மிச்சம். மற்றபடி யாராவது மெத்தா என்று மட்டும் சொன்னால் 'அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.