பிரிக்காத கார்டு பாக்கெட்டுகளைப் பாழாக்கும் தவறுகள்

சேகரிப்புக்காக வாங்கி வைத்த படக் கார்டு பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லையே, உள்ளே இருக்கும் கார்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்புதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. உறை இருப்பதால் கைரேகையும் கீறலும் விழாது, அவ்வளவுதான். ஒட்டிய மடிப்புகளின் இடுக்கு வழியாக ஈரக்காற்று மெதுவாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

பளபளப்பான கார்டுகள் இதை அதிகம் தாங்காது. 1990களில் புற ஊதா ஒளியில் உலர்த்திய பூச்சோடு விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகள் ஏராளமாக வந்தன. அந்தக் காலத்துப் பாக்கெட்டைப் பிரித்தால் பல நேரம் கார்டுகள் ஒரே கட்டியாகத்தான் கையில் வருகின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்து ஒன்றின் பூச்சை அடுத்ததோடு ஒட்டவைத்துவிடுகின்றன. இழுத்துப் பிரித்தால் சடசடவென்று விடும். முன்பக்கத்துப் படம் மையோடு உரிந்து அடுத்த கார்டின் முதுகில் திட்டுத் திட்டாக நிற்கும். பார்க்கவே வயிறு எரியும். உரிந்ததைத் திரும்பச் சேர்க்க வழியே இல்லை.

அதனால் பெட்டி மேல் பெட்டியாக உயரமாக அடுக்காதீர்கள். அடியில் இருக்கும் பாக்கெட் மொத்தப் பாரத்தையும் வருடக்கணக்கில் சுமக்கிறது. காற்றை உறிஞ்சி சீல் வைப்பதும் இதே தவறுதான். பாதுகாப்பு என்று நினைத்து நாமே நாலாபுறமும் அழுத்துகிறோம், ஓரங்களும் வளைகின்றன. ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம்.

மேலே மினுக்கும் படலம் ஒட்டிய ஃபாயில் கார்டின் பிரச்சினை வேறு. அதன் காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், மேலே இருக்கும் படலம் விரியாது. கார்டு படலத்தின் பக்கமாகக் குழிந்து வளையும். சரி, ஈரமே இல்லாமல் செய்துவிடலாம் என்று சிலிக்கா ஜெல்லைக் கைநிறைய அள்ளிப் போட்டால், காகிதம் சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும், அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். ஊகத்தில் விடாமல் சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சிலிக்கா ஜெல் போட்டால், அதையும் அவ்வப்போது மாற்றவேண்டும்.

கூரையை ஒட்டிய பரண், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, தரை மூன்றும் ஆகாது. வீட்டின் உட்புறத்தில், சூடு அதிகம் மாறாத அறையில், தரையிலிருந்து உயர்ந்த தட்டு நல்லது. கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தால் வெயில் உறையின் நிறத்தை வெளுக்கவைக்கும். பிரிக்காத பாக்கெட்டுக்கு உறைதானே பாதி மதிப்பு!

பிவிசி கவர்களைத் தவிருங்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து பிசுபிசுக்கும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் கவரும், அமிலமில்லாத அட்டைப்பெட்டியும் போதுமானவை.

அப்புறம் ஒன்று. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த பெட்டியை, வெக்கையான இடத்தில் உடனே திறக்காதீர்கள். பாக்கெட்டின் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். மூடியபடியே ஒரு நாள் விட்டுவிட்டுத் திறங்கள்.